'கேவலப்படுத்தினார்கள்' என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

மதுரையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண், கடிதம் ஒன்று எழுதித் தரச் சொல்லிப் போன வருடம் என்னிடம் வந்தார். கடையின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருக்கிறது, தமிழில் எழுதினால் படிக்க ஆளில்லை. கல்லாவில் ஐந்நூறு ரூபாய் குறைந்த ஒரு மதியம், மேற்பார்வையாளர் இவருடைய பையை வாங்கிக் கவிழ்த்திருக்கிறார். டிபன் பாக்ஸைத் திறந்து, உள்ளே பணம் ஒளித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் புளிசாதத்தை அப்படியே பில் போடும் மேஜைமேல் கொட்டியிருக்கிறார். சேலை எடுக்க வந்த நாலைந்து குடும்பங்கள் பார்த்துக்கொண்டு நின்றன. சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது, பணம் குறையவே இல்லை, கூட்டலில்தான் தப்பு என்று தெரிந்திருக்கிறது.

"எல்லாரு முன்னாடியும் என்னையக் கேவலப்படுத்திட்டாங்கக்கா" என்றார். மற்ற வரிகளை அரை மணி நேரத்தில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்கு அன்று ராத்திரி வரைக்கும் ஆனது.

அகராதி இந்த இடத்தில் கைகொடுக்காது. டிபேஸ், டிகிரேட், டிமீன், ஹ்யூமிலியேட் என்று எதைத் தேடினாலும் எதிரே இழிவுபடுத்து, தரம் தாழ்த்து, அவமதி என்ற அதே இரண்டு மூன்று தமிழ்ச் சொற்கள்தான் மாறி மாறி வரும். மொழிபெயர்க்க உட்கார்ந்தவருக்கு நாலும் ஒன்றுபோலத் தோன்றும், கண்ணில் முதலில் பட்டதை எடுத்துப் போட்டுவிடுவார். மனு, புகார்க் கடிதம், வாக்குமூலம் இவற்றில் அப்படிப் போட்ட ஒரு சொல் பாதிக்கப்பட்டவருக்கு எதிராகவே திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்லை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: குறைந்தது எது? ஆளின் உள்ளே இருக்கும் தரமா, அவர் நிற்கும் படியா, மற்றவர் கண்ணில் அவர் முகமா, இல்லை மற்றவர் அவருக்குப் போட்ட மதிப்பா?

முதலில் டிபேஸ். கேட்பதற்கு கனமான சொல், அதனாலேயே பலர் இதை எடுக்கிறார்கள். இதன் நடுவில் இருக்கும் 'பேஸ்' என்பதற்கு மட்டமானது என்று பொருள். ஈயம், செம்பு மாதிரியான உலோகங்களை ஆங்கிலத்தில் 'பேஸ் மெட்டல்' என்பார்கள். நமக்கு இது நன்றாகவே புரியும், ஏனென்றால் பத்தரை மாற்றுத் தங்கம் என்று பேசிப் பழகியவர்கள் நாம். பொன்னில் செம்பைக் கூட்டினால் மாற்றுக் குறையும். நகை பார்வைக்கு அதேதான், உரைகல்லில் தேய்த்தால்தான் கோட்டின் நிறம் காட்டிக்கொடுக்கும். டிபேஸ் என்பது மாற்றுக் குறைப்பதுதான்.

இங்கிலாந்தில் இதை ஒரு ராஜாவே செய்தார். எட்டாம் ஹென்றி பிரான்சோடும் ஸ்காட்லாந்தோடும் போர் நடத்தப் பணம் போதாமல், 1544 முதல் நாணயங்களில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினார். 92.5 சதவீதம் வெள்ளியாக இருந்த நாணயம் அவர் காலம் முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்கு வெள்ளிக்கு இறங்கிவிட்டது, அவர் மகன் காலத்தில் 1551இல் கால் பங்குக்கு வந்தது. நாணயத்தில் ராஜாவின் முகம் நேராகப் பார்ப்பதுபோல் பொறித்திருந்ததால், மூக்கு மேடாக நின்றது. கை மாறித் தேயத் தேய, மேலே பூசிய வெள்ளி முதலில் மூக்கில்தான் போகும், கீழே செம்பு தெரியும். ஜனங்கள் அவருக்குச் 'செம்பு மூக்கர்' என்று பேர் வைத்தார்கள். நல்ல நாணயத்தைப் பெட்டியில் பூட்டிவைத்து மட்ட நாணயத்தைச் செலவழித்தார்கள், விலைவாசி ஏறியது. எலிசபெத் ராணி வந்து 1560, 1561இல் மட்ட நாணயங்களைத் திரும்ப வாங்கி உருக்கிப் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. இந்த விவகாரத்துக்கு வரலாற்றில் பெயரே 'கிரேட் டிபேஸ்மென்ட்'.

இப்போது அந்தக் கடைப் பெண்ணிடம் வருவோம். அவரை 'டிபேஸ்' செய்தார்கள் என்று எழுதினால், அவருடைய மாற்றே குறைந்துவிட்டது என்று எழுதுகிறேன். அது உண்மையில்லை. புளிசாதத்தைக் கொட்டியதால் அவருக்குள் இருக்கும் பொன் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை. அன்று குறைந்தது என்று எதையாவது சொல்லலாம் என்றால் கொட்டியவரின் மாற்றைத்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒருவர் தன்னைத்தானே டிபேஸ் செய்துகொண்டார் என்று எழுதினால் அவ்வளவு கச்சிதமாக இருப்பதும் இதனால்தான். காசுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னவர், ஓட்டுக்காக வெறுப்பைப் பேசுகிறவர், இவர்களுக்கு இது பொருந்தும். நாணயம், மொழி, பொதுமேடைப் பேச்சு இவற்றுக்கும் பொருந்தும். பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் இதை எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது டிகிரேட். லத்தீனில் 'கிராதுஸ்' என்றால் படி. படியிலிருந்து இறக்குவதுதான் டிகிரேட். ஆரம்பத்தில் இது மனசு சம்பந்தப்பட்ட சொல்லே இல்லை, பதவியைப் பறிக்கும் சடங்கின் பெயர். குற்றம் செய்த பாதிரியாரின் அங்கியைக் கழற்றுவது, ராணுவ அதிகாரியின் பட்டையைப் பிய்ப்பது எல்லாம் இதில் அடங்கும். 1895 ஜனவரி 5ஆம் தேதி பாரீஸ் ராணுவப் பள்ளியின் முற்றத்தில் கேப்டன் டிரெய்ஃபுஸுக்கு நடந்தது அந்தச் சடங்குதான். துருப்புகள் அணிவகுத்து நிற்க, தொப்பியிலும் சட்டைக் கையிலும் இருந்த பட்டைகளை ஒருவர் பிய்த்தெறிந்தார், பொத்தான்களைப் பிடுங்கினார், கடைசியில் டிரெய்ஃபுஸின் வாளை உருவி முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார். டிரெய்ஃபுஸ் நான் குற்றமற்றவன் என்று கத்திக்கொண்டே இருந்தார். செய்யாத தேசத்துரோகத்துக்குக் கிடைத்த தண்டனை அது. 1906இல் தீர்ப்பு ரத்தாகி, படைக்குத் திரும்ப எடுக்கப்பட்டு, அதே ராணுவப் பள்ளியில் அவருக்குப் பதக்கம் குத்தினார்கள். படியிலிருந்து இறக்கியவரைப் படியில் மறுபடி ஏற்ற முடியும் என்பதும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. செம்பு கலந்த நாணயத்துக்கு அந்த வசதி இல்லை, அதை உருக்கித்தான் ஆக வேண்டும்.

இன்றைக்கு டிகிரேட் ஏறி நிற்கும் படி மனிதன் என்ற படி. 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் ஐந்தாவது பிரிவு, சித்திரவதைக்கும் கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துமுறைக்கும் யாரையும் உள்ளாக்கக் கூடாது என்கிறது. அதில் 'இழிவான' என்று நாம் சொல்லுமிடத்தில் ஆங்கிலத்தில் 'டிகிரேடிங்' இருக்கிறது. 1950இல் வந்த ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலும் அதே சொல். சட்டத்தில் இடம்பிடித்த சொல்லுக்குத் தனிப் பலம் உண்டு. ஐல் ஆஃப் மேன் தீவில் பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு 1972இல் நீதிமன்ற உத்தரவுப்படி போலீஸ் நிலையத்தில் வைத்து பிர்ச் மரக் குச்சிக்கட்டால் மூன்று அடி கொடுத்தார்கள். வெளியாள் யாரும் பார்க்கவில்லை, உடம்பில் நிரந்தரக் காயமும் இல்லை. ஆனாலும் 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை 'டிகிரேடிங்' தண்டனை என்றே தீர்ப்புச் சொன்னது. மற்றவர் பார்க்க வேண்டும் என்ற அவசியமில்லை, தன் கண்ணுக்கே ஒருவர் தாழ்ந்துபோனால் போதும் என்பது அந்த நீதிபதிகள் சொன்ன காரணம்.

இதையும் கவனியுங்கள்: டிகிரேட் மெதுவாகவும் நடக்கும். காடு, மண், ஆறு எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். நம் ஊர்க் குப்பைத் தொட்டிகளில் 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று எழுதியிருக்கிறதே, அந்த மக்கும் என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலும் டிகிரேட் உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் சம்பவத்தைவிட, நாள் தவறாமல் நடக்கும் ஒரு முறைக்கு இது அதிகம் பொருந்துவது அதனால்தான்.

ஹ்யூமிலியேட் வேறு வகை. லத்தீனில் 'ஹ்யூமுஸ்' என்றால் மண். தலையை மண்வரைக்கும் தாழ்த்த வைப்பது. மண்ணைக் கவ்வ வைத்தார்கள் என்று நாம் சொல்வதில்லையா, இரண்டு மொழியும் ஒரே மண்ணைத்தான் காட்டுகின்றன. இந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் பார்வையாளர்கள் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஹ்யூமிலியேட் செய்யும் நோக்கத்தோடு, பொதுமக்கள் பார்வைக்குப் படும் இடத்தில், வேண்டுமென்றே அவமதிப்பது குற்றம் என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. வெளியாள் யாரும் இல்லாத நாலு சுவருக்குள் நடந்தால் அது பொதுப்பார்வைக்குப் பட்ட இடமாகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வாக்குமூலத்தை ஆங்கிலமாக்குகிறவர், 'எல்லாரும் பார்க்க' என்று பாதிக்கப்பட்டவர் சொன்னதை மிகைப்பேச்சு என்று நினைத்து விட்டுவிட்டால் வழக்கின் ஒரு காலையே எடுத்துவிடுகிறார். இதே சட்டத்தில் ஆடையைப் பலவந்தமாகக் களைவது போன்ற செயல்களை 'மனித மாண்புக்கு இழிவு தரும்' செயல் என்று வேறு சொல்லால் குறித்திருப்பதையும் பார்க்க வேண்டும். எழுதியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை.

ஹ்யூமிலியேட்டின் கூடப் பிறந்தது 'ஹம்பிள்', அதுவும் அதே மண்ணிலிருந்துதான். ஆனால் அதில் அவமானம் இல்லை, பணிவுதான். லூக்கா சுவிசேஷத்தில் 'தன்னைத்தான் உயர்த்துகிற எவனும் தாழ்த்தப்படுவான், தன்னைத்தான் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான்' என்று தமிழில் படிக்கிறோம். இரண்டு இடத்திலும் தாழ்த்து என்ற ஒரே வினை. கிரேக்க மூலத்திலும் ஒரே வினைதான். 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்போ முதலிடத்தில் 'அபேஸ்' என்றும் இரண்டாவது இடத்தில் 'ஹம்பிள்' என்றும் பிரித்துவிட்டது. அடுத்தவர் தாழ்த்தினால் ஒன்று, தானாகத் தாழ்ந்தால் ஒன்று. தமிழ் வசனத்தில் ஒரே சொல் திரும்ப வருவதால் கிடைக்கும் அழகு ஆங்கிலத்தில் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றும். அபேஸ் இப்போது பெரும்பாலும் கோயில் வாசனையுள்ள பழைய நடையில்தான் வருகிறது, கடிதங்களில் வேண்டாம். தமிழ் காதுக்கு அது 'நகை அபேஸ்' என்று பத்திரிகையில் வரும் திருட்டைத்தான் நினைவுபடுத்தும்.

டிமீன் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அவசியமானது. ஆங்கிலத்தில் இது இரண்டு தனிச் சொற்கள். ஒன்று பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, நடந்துகொள்ளுதல் என்று பொருள். நடத்தை, முகபாவம் என்ற அர்த்தத்தில் வரும் 'டிமீனர்' அதன் வாரிசு. இன்னொன்று, அற்பம் என்ற பொருளுள்ள 'மீன்' என்ற சொல்லோடு, டிபேஸைப் பார்த்து முன்னொட்டைச் சேர்த்து உண்டாக்கியது. நம் சொல்லில் சிறுமைப்படுத்துவது, மட்டம் தட்டுவது. மற்ற மூன்றையும்விட இதன் சூடு குறைவு. பெயர் சொல்லாமல் ஏய், இந்தா என்று கூப்பிடுவது, பெரிய ஆளையும் 'பொண்ணு' என்பது, கூட்டத்தில் ஒருத்தர் பேசும்போது கண்ணை உருட்டுவது, இவையெல்லாம் டிமீனிங்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு வேலையையே 'டிமீனிங்' என்று எழுதிவிட்டால், அந்த வேலையைச் செய்து பிழைக்கும் அத்தனை பேரையும் சேர்த்து மட்டம் தட்டுகிறோம். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையை ஒழிக்க 2013இல் வந்த சட்டத்தின் முகவுரை இந்தச் சொல்லை எடுக்கவில்லை. அந்த வழக்கத்தை 'டீஹ்யூமனைசிங்' என்கிறது, அதாவது மனிதத்தன்மையைப் பறிக்கும் வழக்கம். குறையை வேலை செய்கிறவர் மேல் வைக்காமல், செய்ய வைக்கும் ஏற்பாட்டின் மேல் வைக்கிறது. அந்தத் தேர்வு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒழுக்கத்தைக் கெடுப்பது பற்றிய சொற்கள் தனிக் குடும்பம். இந்தக் கடிதத்துக்கு அவை தேவைப்படவில்லை, ஆனால் அடிக்கடி மாற்றிப் போடுகிறார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். 'கரப்ட்' என்றால் நமக்கு உடனே ஊழல்தான் வரும், லஞ்சம் வாங்கும் அதிகாரி வருவார். மூலப்பொருள் முழுக்க உடைந்துபோவது, அழுகிப்போவது. கம்ப்யூட்டரில் ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது என்கிறோமே, அது அந்தப் பழைய பொருளுக்குத்தான் நெருக்கம். 'டிப்ரேவ்' லத்தீனில் கோணல் என்ற சொல்லிலிருந்து வருகிறது. நம் வக்கிரமும் கோணல்தானே, ஜாதகத்தில் கிரகம் வக்கிரமாவதும் மனசு வக்கிரமாவதும் நமக்கு ஒரே சொல். ஆகவே டிப்ரேவ் என்பதற்கு ஒழுக்கக்கேடு என்று போடுவதைவிட மனதை வக்கிரமாக்குவது என்று போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த இரண்டு சொற்களும் ஜோடியாகச் சட்டத்துக்குள் வந்த கதை நீளமானது. 1868இல் லண்டனில் தலைமை நீதிபதி காக்பர்ன், ஒரு எழுத்து ஆபாசமா என்று பார்க்க, அது எளிதில் கெடக்கூடிய மனங்களை 'டிப்ரேவ்' செய்து 'கரப்ட்' செய்யுமா என்று பார்க்க வேண்டும் என்றார். அந்த அளவுகோல் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. நம் உச்ச நீதிமன்றம் 1964இல் அதை ஏற்றுக்கொண்டது, 2014இல்தான் கைவிட்டு, இக்காலச் சமூகத்தின் பார்வையை அளவுகோலாக எடுத்தது. ஆனால் அந்தச் சொற்கள் சட்டத்தை விட்டுப் போகவில்லை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவிலும் அதே ஜோடி இருக்கிறது. ஆகவே சட்ட ஆவணத்தில் இந்த ஜோடியைப் பார்த்தால் இரண்டுக்கும் சேர்த்து 'சீரழித்தல்' என்று ஒன்றாகத் தட்டிவிடாமல் இரண்டு சொல்லாகவே மொழிபெயர்க்க வேண்டும்.

'டிபாச்' மது, மாது, கேளிக்கை என்று இழுத்துப்போய்க் கெடுப்பது. நாணயத்துக்கும் இதைச் சொல்வதுண்டு, முதலாளித்துவத்தை அழிக்கச் சிறந்த வழி நாணயத்தை 'டிபாச்' செய்வதுதான் என்று லெனின் சொன்னதாக 1919இல் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் எழுதினார். 'அடல்டரேட்' கலப்படம், பாலுக்கும் மிளகாய்த்தூளுக்கும் உரியது, மனிதருக்கு ஆகாது. 'விஷியேட்' ஒப்பந்தத்தையோ ஒப்புதலையோ செல்லாமல் ஆக்கும் பழுது, வக்கீல்களுக்கு விட்டுவிடலாம்.

கேவலம் என்ற நம் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். வடமொழியில் கேவலம் என்றால் தனித்தது, முழுமையானது. சமணத்தில் கேவல ஞானம் என்பது எல்லாவற்றையும் அறியும் உச்ச ஞானம். தமிழில் அது 'வெறும்' என்று இறங்கி, 'கேவலம் பத்து ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு' என்று ஆகி, அங்கிருந்து இன்னும் இறங்கி, இன்று அவமானத்தில் வந்து நிற்கிறது. மணம் என்ற பொருளில் இருந்த நாற்றம் இன்று துர்நாற்றமானது மாதிரி. மொழியியலில் இதை இழிபொருட்பேறு என்பார்கள். வேறு எதுவும் இல்லாத தனிமை என்ற பழைய பொருள், கேவலப்பட்டவர் அந்த நிமிஷத்தில் நிற்கும் நிலையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அந்தப் பெண்ணும் அதைத்தான் சொன்னார்: கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சேலையை மடிப்பதுபோல் குனிந்துகொண்டார்களாம்.

கடிதத்தில் கடைசியில் மூன்று சொற்களை மூன்று இடத்தில் வைத்தேன். மேஜைமேல் சோற்றைக் கொட்டிய அந்த மதியத்துக்கு ஹ்யூமிலியேட். அதற்கு முன்னால், யார் பார்த்தார்கள், எத்தனை மணி, மேஜை எங்கே இருந்தது என்று எழுதினேன். தினமும் வேலை முடிந்து போகும்போது பெண்களை வரிசையில் நிறுத்திப் பையைச் சோதிப்பது, பத்து மணி நேரமும் உட்கார விடாதது, இவற்றுக்கு டிகிரேடிங். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021லேயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திவிட்டது, அதையும் ஒரு வரியில் சேர்த்தேன். மேற்பார்வையாளர் எல்லாரையும் ஏய் என்று கூப்பிடுவதற்கு டிமீனிங். டிபேஸ் கடிதத்தில் எங்குமே இல்லை.

மறுநாள் வந்தார். முழுக் கடிதத்தையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். மூன்று ஆங்கிலச் சொல்லைப் பற்றியும் விளக்கினேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "புளிசாதத்தைக் கொட்டினதை எழுதியிருக்கீங்கள்லக்கா?" என்றார். அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். அது முதல் பத்தியிலேயே இருந்தது. சரி என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.